எண்ணெயும் ஓய்வெண்ணும்

ஓய்வெடுப்பது எனக்கு வராத வேலை. இரண்டு தடவை தேர்வு வைத்தார்கள், இரண்டிலும் தோற்றேன்.

சிரிக்க வேண்டாம், நிஜமாகவே தேர்வுதான். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நான் கிரேன் ஓட்டுகிறேன். கிரேன் நிற்பது உலகத்தின் மறுகோடியில், பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட எனக்கு வராத ஒரு குளிர்த் துறைமுகத்தில். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காதுக்கு ஹெட்போன், இரண்டு கைக்கும் இரண்டு பிடி. அங்கே பகல் என்றால் இங்கே ராத்திரி. இங்கே நான் மணிக்கட்டை அசைத்தால் அங்கே லாரி அளவுப் பெட்டி ஒன்று ஆள்களின் தலைக்கு மேலே போகும். ஆகவே ஓட்டுகிறவர் களைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. சட்டத்தோடு அட்டையும் வந்தது.

அட்டை என்பது மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஒட்டு. கம்பெனி அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறது. மாஞ்சோலைப் பக்கம் மழையில் நடந்து, காலில் அட்டை ஏறிய அனுபவம் உள்ள எவருக்கும் அந்தப் பெயர் வாயில் நிற்காது. நாடி, வேர்வை, மூச்சு எல்லாம் பார்த்து அது நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்லும். அதுதான் ஓய்வெண். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு நாள் முழுக்க ஓய்வில் இருந்து, பகலில் இரண்டு மணி நேரம் தூங்கியும் காட்டி, மாலை ஐந்து மணிக்கு அந்த எண்ணை எழுபதுக்கு மேலே கொண்டுபோக வேண்டும். மூன்றாம் தடவையும் தோற்றால் இருக்கை போய்விடும். வேறு ஆளுக்குப் போனாலாவது பரவாயில்லை. அது மெஷினுக்குப் போகும். மெஷினுக்கு ஓய்வெண் கிடையாது. என்னோடு சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் இருக்கை அப்படித்தான் போனது.

முதல் தடவை கம்பெனியே கொடைக்கானலில் ஒரு விடுதிக்கு அனுப்பியது. அங்கே படுத்துக்கொண்டு, மகள் சாப்பிட்டாளா, தண்ணீர் லாரி வந்ததா என்று யோசித்தே தோற்றேன். இரண்டாம் தடவை வீட்டிலேயே, அட்டையோடு வரும் குரல் சொன்னபடி ஓய்வெடுத்தேன். அது மனத்தை அமைதிப்படுத்த அலைச்சத்தம் போட்டது. எனக்கு அலைச்சத்தம் என்றால் வேலை. கேட்டதும் விரல்கள் தாமாகவே பிடியைத் தேடின, நாடி எகிறியது, எண் சரிந்தது. தோற்றேன்.

மூன்றாம் தடவைக்கு என் வீட்டுக்காரர் பிரமநாயகம் களத்தில் இறங்கினார்.

அவர் முன்பு பள்ளியில் கணக்கு வாத்தியார். எனக்கு இந்த ராத்திரி வேலை கிடைத்தபோது மகள் வடிவு கைக்குழந்தை. யாராவது ஒருவர் வீட்டோடு இருக்க வேண்டும் என்றதும் அவரே பள்ளியை விட்டு நின்றுகொண்டார். வாத்தியார் புத்தி மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரமாக இந்த ஒரு நாளைக்கு அவர் போட்ட திட்டத்தை, கல்யாண வீட்டுக்காரர்கள்கூட அப்படிப் போட்டிருக்க மாட்டார்கள்.

"வெள்ளிக்கிழமைன்னு நாள் குறிச்சிருக்கேன் செண்பகம். பொம்பளையாளுக்கு எண்ணெய் தேய்க்க நல்ல நாள். காலைல நல்லெண்ணெய் காய்ச்சி நானே தலையில வைக்கேன். சீயக்காய், வெந்நீர், சாம்பிராணி. மத்தியானம் பூண்டுக் குழம்பு, பருப்புத் தொவையல், சுட்ட அப்பளம். அப்புறம் ரெண்டு மணி நேரம் தூக்கம். சாயங்காலம் சுக்குக் காப்பி. எழுபது என்ன, எண்பதே வரும் பாரு."

"வடிவு?"

"எங்க அக்கா வீட்டுக்குத் தென்காசிக்கு அனுப்பியாச்சு. நீ அதைப் பத்தியெல்லாம் யோசிச்சியோ, உடனே ரெண்டு குறையும். பேசாம இரு."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அட்டையை ஒட்டிக்கொண்டேன். "வணக்கம் செண்பகவல்லி அவர்களே. உங்கள் ஓய்வுநாள் தொடங்குகிறது. தற்போதைய ஓய்வெண் ஐம்பத்திரண்டு" என்றது கூடத்தில் இருந்த, திரை வைத்த ஒலிபெருக்கி. செய்தி வாசிக்கிறவர் யாரையோ பிடித்துப் பேசவைத்திருக்கிறார்கள் போல. ஒவ்வொரு சொல்லுக்கும் இஸ்திரி போட்டிருக்கும்.

பிரமநாயகம் எண்ணெயைக் காய்ச்சி, மிளகும் சீரகமும் போட்டு, பதமாக ஆறவைத்துக் கொண்டுவந்தார். உச்சியில் ஒரு கை வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தார். கழுத்து, தோள், முழங்கை என்று இறங்கினார். வழக்கமாக நானே அவசரத்தில் இரண்டு சொட்டுத் தடவிக்கொண்டு ஓடுகிறவள். அன்றைக்கு என் கண் சொருகியது.

"ஒட்டு விலகியுள்ளது" என்றது குரல். "பத்து நிமிடத்திற்குள் உடலில் பொருத்தாவிட்டால் இன்றைய நாள் செல்லாது."

பார்த்தால், அட்டை எண்ணெயில் வழுக்கி முழங்கைக்கு வந்துவிட்டது. அவர் துணியால் என் கையைத் துடைத்துத் துடைத்து ஒட்டிப் பார்த்தார். நல்லெண்ணெய் ஊறிய தோலில் எது ஒட்டும்? குரல் மறுபடியும் எச்சரித்தது. அவருக்கு வேர்த்துவிட்டது.

"ஒண்ணு செய்வோம். நீ குளிச்சிட்டு வார வரைக்கும் இதை நான் வச்சிருக்கேன்" என்று தன் சட்டையின் அரைக்கையைத் தூக்கி, மேற்கையில் ஒட்டிக்கொண்டார். "உடம்புதான கேக்கு? இதுவும் உடம்புதான்."

"பொருத்தியதற்கு நன்றி" என்றது குரல்.

நான் குளிக்கப் போனேன். அவர் எனக்குத் துண்டு எடுத்துவைக்க ஓடினார்.

அந்தக் குளியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வெந்நீர் பதமாக இருந்தது. சீயக்காய் வாசனையில் குளியலறையே மணத்தது. என்னை யாரும் அளக்கவில்லை என்கிற நினைப்புகூட எனக்கு அப்போது இல்லை, அவ்வளவு நிம்மதி. வெளியே வந்தால் சாம்பிராணிப் புகை தயாராக இருந்தது. தலையை உலர்த்தினேன். சூடான சோற்றில் பூண்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். அட்டையைத் திருப்பி வாங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. அவருக்குப் பரிமாறுகிற மும்முரம்.

சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்தேன். உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி இருந்தது. இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"செண்பகவல்லி அவர்களே, உங்கள் ஓய்வெண் முப்பத்தொன்று."

துள்ளி எழுந்தேன். முப்பத்தொன்று நான் வாழ்க்கையில் வாங்காத எண். தோற்ற இரண்டு தடவையும் ஐம்பதுக்குக் கீழே போனதில்லை.

அடுப்படியில் இருந்து அவர் ஓடிவந்தார். "என்ன நெனச்ச? எதையோ நெனச்சிருக்க."

"ஒண்ணும் நெனைக்கல. சத்தியமா நல்லா இருக்கேன்."

"சரி சரி, பதறாத. தலைகாணி தாரேன். ஃபேனக் கூட்டட்டா? மோர் வேணுமா? இல்ல, இன்னைக்கு மோர் ஆகாது. இரு, வெந்நி கொண்டாரேன்." அவர் அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடையாய் நடந்தார். அவர் நடக்க நடக்க எண் இருபத்தொன்பதாக இறங்கியது.

"நீங்கள் நெடுநேரமாக நின்றுகொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அமருங்கள்" என்றது குரல்.

"படுத்துக் கெடக்கவள நிக்கான்னு சொல்லுதே, இதுக்கு என்ன கிறுக்கா?" என்றேன்.

"மழை வார மாதிரி இருக்கு. நீ எந்திரிக்காத. மாடியில துணி கெடக்கு, எடுத்துட்டு வந்திருதேன்" என்று அவர் போனார்.

"நீங்கள் படி ஏறுகிறீர்கள். இந்த ஓய்வெண்ணில் எந்தக் கருவியையும் இயக்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. உடனே படுத்து ஓய்வெடுங்கள்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாய்ந்தபடியே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கையிலும் துணியை அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி இறங்கிவந்தார். அவர் அப்படித்தான் இறங்குவார் போல. நான் இதுவரை பார்த்ததில்லை.

அருகில் வந்ததும் சட்டைக் கையைத் தூக்கினேன். அட்டை அங்கே இருந்தது.

"அடடா" என்றார் அவர். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப அது ஒன் நம்பர் இல்ல. நல்லவேளை. பயந்தே போயிட்டேன்."

"ஒங்க நம்பர்."

"ஆமா, என் நம்பர்தான். கழத்து, ஒனக்கு ஒட்டுவோம். கை காஞ்சிருக்கும்லா?"

"எவ்வளவு நாளா இப்படி?"

"எது?"

"இந்த முப்பத்தொண்ணு."

"எனக்கென்ன தெரியும்? இதுக்கு முன்னால எனக்கு யாரு அட்டை ஒட்டுனா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கிரேன் ஓட்டும் ராத்திரிகளில் என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கண் சொருகினால் தோளில் ஒரு விரல் வைப்பார். அவ்வளவுதான் அவருடைய வேலை. அந்த விரலை நம்பித்தான் நான் இத்தனை பெட்டிகளை இறக்கினேன். கம்பெனி எனக்குக் கொடுத்த பாராட்டுகளில் பாதி அந்த விரலுக்குச் சேர வேண்டியது. காலையில் நான் படுத்துவிடுவேன். நான் தூங்கும்போது அவரும் தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன். நான் தூங்கும் நேரத்தில் வீட்டில் குக்கர் ஏன் விசில் அடிப்பதே இல்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நான் தூங்கும்போது சோறு எப்படி வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"பானையில வடிப்பேன். விசில் அடிச்சா நீ முழிச்சிருவல்லா? அதை எதுக்கு இப்பக் கேக்க? மணி ஆகுது. அட்டையப் போட்டுட்டுப் படு. ரெண்டு மணி நேரம் தூங்கியாகணும்."

தூங்கியாகணும். எனக்குச் சட்டென்று ஒரு பிடி கிடைத்தது.

"எப்படித் தூங்குதது? எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிருக்கேன்லா?"

அவர் அப்படியே நின்றார். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது. இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரம் திட்டம் போட்ட கணக்கு வாத்தியார், எண்ணெயையும் பகல் தூக்கத்தையும் ஒரே நாளில் வைத்திருந்தார். இருவரும் கவனிக்கவில்லை.

"அய்ய" என்றார். "எண்ணெயோட எண்ணெயா தூக்கத்தையும் சேத்துட்டேனே. சரி, இன்னைக்கு ஒரு நாள் தூங்கினா என்ன? அதெல்லாம் சும்மா சொல்லுதது."

"எங்க வீட்டுல யாரும் தூங்குனதில்ல. காய்ச்சல் வரும்."

"ஏளா, ஒன் வேலை போயிரும்."

"இன்னும் நேரம் இருக்கு. எனக்கு ஈரம் நல்லாக் காயட்டும். அதுவரை நீங்க பத்தே நிமிஷம் இப்படிப் படுங்க. அட்டை ஒங்க கையிலயே இருக்கட்டும், இல்லாட்டா அது கத்தும். பத்து நிமிஷம் கழிச்சு எடுத்து ஒட்டிக்கிடுதேன்."

"பத்து நிமிஷம்னா சரி. அப்பளம் மட்டும் டப்பாவுல எடுத்து..." என்றபடி கட்டிலில் சாய்ந்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்தபடியே தூங்கிப்போனார்.

பத்து நிமிடம் கழித்து அட்டையை எடுக்கக் கையை நீட்டினேன். அதை உரித்தால் தோல் இழுக்கும், எழுந்துவிடுவார். எழுந்தால் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுவார். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நீட்டினேன். ஒலிபெருக்கியின் திரையில் முப்பத்தாறு என்று இருந்தது. இருக்கை போனால் என்ன செய்வோம் என்று நினைத்தேன். நிஜமாகவே பயமாக இருந்தது. எனக்கு அந்த வேலை பிடிக்கும். பிடிகளைப் பற்றிக்கொண்டு உட்காரும்போது நான் வேறு ஆள். அதையும் நினைத்தேன்.

பிறகு முன்னறைக்குப் போய் அந்தப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து அவர் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தேன். குரலை அணைத்து, எண் மட்டும் தெரியும்படி வைத்தேன்.

நாற்பத்தொன்று. ஐம்பது. மழை வந்தது. ஐம்பத்தாறு. மழை விட்டது. தெருவில் ஒருவன் பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு வந்தான். போய் வாசலில் நின்று சைகையாலேயே அவனை விரட்டினேன். ஸ்டூல் முதுகுக்கு எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன். ஓர் எண் ஏறுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படலாம் என்று எனக்குத் தெரியாது. அது என் எண் இல்லை என்பதால்தானோ என்னவோ.

ஐந்து மணிக்குக் கம்பெனி டாக்டர் ஜெபக்கனி திரையில் வந்தார். நாசரேத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு எப்போதும் நிதானம். அந்தச் சத்தத்தில் பிரமநாயகம் விழித்து எழுந்து உட்கார்ந்தார்.

"செண்பகவல்லி, எழுபத்துநாலு" என்றார் டாக்டர். "மத்தியானம் மூணு மணி நேரம் நல்ல தூக்கம். அதுக்கு முன்னால ஏன் அப்படி எறங்குச்சின்னு பயந்துட்டேன். ஆனா கடைசி எண்தான் கணக்கு. பாஸ் போட்டுரவா?"

பிரமநாயகத்துக்கு விஷயம் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் திரைக்குத் தெரியாத பக்கமாக நகர்ந்து, இரண்டு கையையும் கூப்பி, பேசாதே பேசாதே என்று தலையை ஆட்டினார். கண்ணில் அவ்வளவு ஆசை. அவர் ஆசைப்பட்டது எனக்காக.

ஒரு 'சரி' போதும். அன்று ராத்திரியே இருக்கையில் உட்காரலாம். அவரும் ஸ்டூலில் வந்து உட்காருவார். தூக்கத்துக்கு முன் வாங்கிய முப்பத்தொன்று என் பெயரில் எழுதப்பட்டு, அந்த எழுபத்துநாலில் கரைந்துபோகும். அவருடைய களைப்பு மறுபடியும் யார் கணக்கிலும் இருக்காது.

"டாக்டர், அது என் நம்பர் இல்ல" என்றேன். "எண்ணெய் தேய்ச்சேன், அட்டை வழுக்கிருச்சு. வீட்டுக்காரர் கையில ஒட்டிக்கிட்டாரு. காலையில இருந்து அவர் கையிலதான் இருக்கு. தூங்குனதும் அவர்தான்."

பிரமநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் பழைய எண்களைத் திருப்பிப் பார்த்தார். "அந்த முப்பத்தொண்ணும் அவரோடதா?"

"ஆமா."

"அவருக்கு என்ன வேலை?"

"வேலைன்னு ஒண்ணும் இல்ல, டாக்டர்" என்று அவர் முந்திக்கொண்டு திரைக்குள் எட்டிப்பார்த்தார். "வீட்டுலதான் இருக்கேன்."

"ராத்திரி என் பின்னால ஒக்காந்திருப்பாரு" என்றேன். "நான் அசந்தா எழுப்புவாரு. எனக்கு என்ன வேலையோ அதே வேலைதான் அவருக்கும். ஷிப்ட்டும் அதேதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது எனக்குத் தெரிஞ்சிருச்சு. இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாது, செண்பகவல்லி. ரெண்டு பேர் சேந்து பாக்குத வேலைன்னு நான் எழுதணும். அதுக்கு அவங்க இன்னொரு ஆள் போடலாம். மெஷினுக்கும் கொடுத்திரலாம். ரெண்டாவதுதான் அவங்களுக்குச் சுலபம். எழுதவா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, ஒரு பெரிய கொட்டாவி விட்டார்.

"எழுதுங்க" என்றேன்.

"சரி. இன்னைக்கு நாள் செல்லாதுன்னு போடுதேன். செல்லாத நாள் தோல்வியில்ல, பயப்படாதீங்க. ஒரு தடவை இன்னும் பாக்கி இருக்கு. எண்ணெய் தேய்ச்சதாலதான இந்தக் கூத்து? ஆம்பளையாளுக்கு எண்ணெய் என்னிக்கு? புதனும் சனியும்லா?"

"ஆமா" என்றார் பிரமநாயகம்.

"நாளைக்குச் சனி. எண்ணெய் ஒங்களுக்கு, தூக்கம் அவங்களுக்கு. அட்டை ரெண்டு அனுப்புதேன். கையக் காயவச்சிட்டு ஒட்டுங்க." கையில் எதையோ தட்டினார். "ரெண்டாவது அட்டை யார் பேர்ல போடட்டும்?"

பிரமநாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிரமநாயகம்" என்றேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

திரை அணைந்ததும் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கையில் இருந்த அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "எழுபத்துநாலாம்லா எனக்கு" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒனக்கே வராத நம்பர்."

"நாளைக்கு எண்ணெய் நான்தான் வைப்பேன்" என்றேன். "எண்ணெய் தேய்ச்சுட்டுத் தூங்கிராதீங்க."

"அப்பச் சுக்குக் காப்பி?"

"அதையும் நானே போடுதேன். ஒக்காருங்க."

அடுப்படிக்குப் போனேன். காப்பியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ராத்திரிச் சோற்றுக்கு அரிசியைக் களைந்தேன். பானை கைக்கெட்டும் இடத்திலேயே, அடிப்பக்கம் கருத்துப்போய், இருந்தது. குக்கரைத்தான் தேடினேன். மேல்தட்டில், பேப்பர் சுற்றி, புதுசு மாதிரி இருந்தது. எடுத்துக் கழுவி அடுப்பில் ஏற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் அது வீடே அதிரும்படி ஒரு விசில் அடித்தது.

கூடத்தில் இருந்து அவர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பழக்கத்தில் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்து, உதட்டில் விரல் வைத்தபடியே, "மெதுவா, மெதுவா, செண்பகம் தூங்குதா..." என்று தொடங்கி, அடுப்புக்கு முன்னால் நான் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"இங்க யாரும் தூங்கல" என்றேன். "இன்னும் ரெண்டு விசில் இருக்கு. ஒக்காந்து கேளுங்க."